தாமிரபரணிப் பறவைகளுக்குத் துணை நிற்க: புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கு

தாமிரபரணிக் கரையில் பறவைகளுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆண்டுதோறும் புதியவர்கள் வருகிறார்கள். கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் பெற்றோர்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எங்கே தொடங்குவது, என்ன செய்வது, எதைச் செய்யக் கூடாது? அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வேலி போட்டு, வாசலில் சீட்டு கொடுத்து, உள்ளே காவலர் நிற்கும் சரணாலயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வராதீர்கள். இங்கே பறவைகளின் புகலிடம் மூன்று விதமாக இருக்கிறது. ஒன்று திருப்புடைமருதூர். தாமிரபரணியோடு கடனாநதி வந்து சேரும் இடத்தில், நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றி நிற்கும் பெருமரங்களில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்களே முன்வந்து கேட்டதால் 2005 பிப்ரவரியில் அது பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் திருத்தப்பட்ட வனவுயிர்ச் சட்டத்தின் கீழ் நாட்டிலேயே முதலில் வந்த காப்பகம் அதுதான். பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை. இரண்டாவது, நாங்குநேரிப் பக்கம் உள்ள கூந்தன்குளம். 1994இல் சரணாலயம் ஆனது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் அது சேர்ந்த செய்தி 2022இல் வந்தது. மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக அங்கே வந்து சேர்கிறது.

மூன்றாவது விதம்தான் பெரியது. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றின் குறுக்கே நிற்கும் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்களும், அந்தக் கால்வாய்கள் நிரப்பும் பாசனக் குளங்களும். பலகை கிடையாது, காவலர் கிடையாது. விவசாயி, குளத்து மீனை ஏலம் எடுத்த மீன்பாசிக் குத்தகைக்காரர், மாடு மேய்ப்பவர், துணி துவைக்க வருபவர் என்று எல்லோரும் புழங்கும் குளங்கள். நெல்லை நகருக்குள்ளேயே இருக்கும் நயினார்குளமும் வேய்ந்தான்குளமும் அதில் அடக்கம். தன்னார்வலர் அதிகம் தேவைப்படுவது இந்த மூன்றாவது இடத்தில்தான். இங்கே பறவை இருப்பதும் போவதும் ஊரின் மனத்தைப் பொறுத்தது. நீங்கள் அந்த ஊருக்கு விருந்தாளி. இதை மறக்காமல் இருந்தால் பாதி வேலையைக் கற்றுக்கொண்ட மாதிரி.

முதலில் தண்ணீரின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

பறவைப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால், உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குளத்துக்கு எந்தக் கால்வாயிலிருந்து தண்ணீர் வருகிறது, எந்த மாதம் வருகிறது, நிறைந்தபின் வழியும் மறுகால் எந்தப் பக்கம் பாய்கிறது, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை எத்தனை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து, பிசானம் என்னும் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்து, மார்கழி, தையில் குளங்கள் நிரம்பி நிற்கும். வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகளும், சேற்றில் இரை தேடும் உள்ளான்களும் இங்கே இருக்கும் காலமும் அதுவே. தண்ணீர் வரவு நன்றாக இருந்தால் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் கூடு கட்டத் தொடங்கும். மாசி, பங்குனி ஆகும்போது தண்ணீர் வற்றி, மீன் ஓரிடத்தில் ஒதுங்கி, கரையோரம் சேறு வெளிப்படும். அப்போது வரும் கூட்டம் வேறு.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. குளம் ததும்ப நிறைந்திருந்தால் பறவை நிறைய இருக்கும் என்று நினைத்து வருவார்கள். ஆழமான தண்ணீரில் உள்ளான் எங்கே நிற்கும்? அதற்கு விரல் ஆழச் சேறு வேண்டும். நாரைக்கு முழங்கால் ஆழம் போதும். தலையை மட்டும் நீருக்குள் விட்டு மேயும் சிறகி வாத்துகளுக்கும் ஆழம் ஆகாது. முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்கும் முக்குளிப்பானுக்கும்தான் ஆழம் வசதி. அதனால் நல்ல மழை பெய்த ஆண்டில் பறவைகள் நூறு குளங்களுக்குப் பிரிந்து போய்விடும், ஒரு குளத்தில் எண்ணிக்கை குறைந்து தெரியும். பறவை அழிந்துவிட்டது என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிப் பதிவு போட வேண்டாம். எல்லாக் குளங்களையும் ஒரே நாளில் எண்ணுவது எதற்காக என்றால் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

எப்போது, யாரோடு சேர்வது

மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், திருநெல்வேலி, தூத்துக்குடி இயற்கை ஆர்வலர் அமைப்புகளோடு சேர்ந்து 2011 முதல் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்துகிறது. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டக் குளங்களும் அதில் வரும். புதியவர்களுக்கு முதலில் ஒரு பயிற்சி, அதன்பின் பழகினவர் ஒருவரோடு அணியாகக் குளத்துக்கு அனுப்புவார்கள். தொடங்க இதைவிட நல்ல வாசல் இல்லை. அறிவிப்பு டிசம்பர் கடைசியிலோ ஜனவரித் தொடக்கத்திலோ வரும். நாளிதழ்களின் நெல்லைப் பதிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் தப்பாது.

இதே ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பும் உண்டு. 1987இல் தொடங்கிய அந்தப் பணி பல நாடுகளில் ஒரே காலத்தில் நடக்கிறது. பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு உங்கள் வீட்டு மொட்டை மாடியே போதும். முன்பதிவு வேண்டாம். வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் சேர மாவட்ட வன அலுவலகத்தில் பெயர் கொடுக்க வேண்டும். மாணவர்கள் கல்லூரி விலங்கியல், தாவரவியல் துறைகளில் கேட்டால் வழி சொல்வார்கள்.

இருபது பறவை போதும்

புதியவர்கள் எல்லாப் பறவைகளையும் படித்து முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று தயங்குகிறார்கள். தேவையில்லை. குளத்தில் கண்ணில் படுவதில் பெரும்பகுதி இருபது வகைக்குள் அடங்கிவிடும். நாமக்கோழி, நீலத்தாழைக்கோழி, இலைக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், பாம்புத்தாரா, மடையான், கொக்கு வகைகள், சாம்பல் நாரை, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், கூழைக்கடா, புள்ளிமூக்கு வாத்து, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, நெடுங்கால் உள்ளான், ஆள்காட்டி, மீசை ஆலா. இவற்றை உருவத்தால் தெரிந்துகொள்ளுங்கள். நிறத்தை நம்பாதீர்கள். அதிகாலை வெளிச்சத்தில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். கழுத்தின் நீளம், அலகின் வளைவு, உட்கார்ந்திருக்கும் தோரணை, பறக்கும்போது காலும் கழுத்தும் இருக்கும் நிலை, இவை ஏமாற்றாது.

வெள்ளைக் கொக்குகள் மட்டும் எல்லோரையும் சிரமப்படுத்தும். மாட்டுக்குப் பின்னால் நடக்கும், கழுத்து குட்டையான, மஞ்சள் அலகு உள்ளது உண்ணிக்கொக்கு. கறுப்பு அலகும், சேற்றிலிருந்து காலைத் தூக்கும்போது பளிச்சென்று மஞ்சளாகத் தெரியும் பாதமும் இருந்தால் சின்னக் கொக்கு. பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிக்க வாயின் கோட்டைப் பாருங்கள். பெரிய கொக்குக்கு அந்தக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். அலகின் நிறத்தை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் இனப்பெருக்கக் காலத்தில் பெரிய கொக்கின் அலகு கறுப்பாகிக் கணக்கைக் கெடுத்துவிடும்.

வரித்தலை வாத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திபெத், மங்கோலியப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைக் கடந்து, கூந்தன்குளம் வரை வந்து பனிக்காலத்தைக் கழிக்கும் பறவை இது. 7,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் அது பறந்ததைக் கருவி பொருத்தி ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வெண்தலையில் குறுக்கே இரண்டு கறுப்புக் கோடு இருப்பதால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். காலையில் வயலிலோ புல்தரையிலோ மேய்ந்துவிட்டு வெயில் ஏறியதும் தண்ணீருக்குத் திரும்பும். அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கும், எனக்கும் உண்டு. ஆனால் அது மேயும் இடத்துக்கு நடந்து போனால் கூட்டம் முழுக்க எழும்பிவிடும். அத்தனை தூரம் வந்த பறவைக்கு ஒவ்வொரு வாய்ப் புல்லும் திரும்பிப் போவதற்கான சேமிப்பு. கரையில் நின்று பார்த்தாலே போதும்.

கையில் என்ன இருக்க வேண்டும்

இருநோக்கி (பைனாகுலர்) ஒன்று. 8க்கு 42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) என்ற அளவு புதியவர்களுக்குச் சரி. இரண்டு பேருக்கு ஒன்று இருந்தாலும் சமாளிக்கலாம், அதனால் வாங்க முடியாதவர்கள் பின்வாங்க வேண்டாம். பேனாவைவிடப் பென்சில் நல்லது, பனி ஈரத்தில் மை ஊறிவிடும். தொப்பி, முழுக்கைச் சட்டை, மங்கலான நிறம். வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். காலுக்கு மூடின காலணி கட்டாயம். கரையோரப் புதர்களில் பாம்பு உண்டு, உடைந்த பாட்டில் அதைவிட அதிகம். தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு வாருங்கள். காலைப் பலகாரத்தைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்தால், கட்டின தாளையும் பையையும் திரும்ப எடுத்துப் போக வேண்டும்.

ஆற்றிலோ குளத்திலோ இறங்கிக் குளிப்பதைக் கணக்கெடுப்பு நாளில் அறவே விட்டுவிடுங்கள். தாமிரபரணி பார்வைக்கு அமைதியாக ஓடும். சுழலும் மணல் அள்ளின பள்ளமும் வெளியே தெரியாது.

ஊரைக் கேட்டுவிட்டுக் கரை ஏறுங்கள்

விடிகாலையில் நாலு பேர் கழுத்தில் இருநோக்கியும் கையில் தாளுமாகக் குளத்தங்கரையில் நின்றால் ஊர்க்காரர் என்ன நினைப்பார்? ஆக்கிரமிப்பை அளக்க வந்திருக்கிறார்கள், அல்லது மீன்பாசி ஏலத்துக்கு நோட்டம் பார்க்கிறார்கள் என்றுதான். இப்படித்தான் பேச்சு தொடங்கும்:

“என்ன சார், குளத்த அளக்க வந்தியளா?”

“இல்ல அண்ணாச்சி, குளத்துல என்னென்ன பறவ இருக்குன்னு எண்ண வந்திருக்கோம். வருசா வருசம் தை மாசம் எண்ணுதோம்.”

“அப்படியா? அப்ப இங்கன நின்னு என்ன தெரியும்? அந்த மேலமடைப் பக்கம் போங்க. ராத்திரி ஒரு பெரிய கூட்டம் எறங்குச்சு, சத்தம் கேட்டுச்சு.”

முறையாகச் சொன்னால் இப்படி உதவி தேடி வரும். பெரியவர்களை அண்ணாச்சி, அக்கா, ஆச்சி, தாத்தா என்று கூப்பிட்டு, யார் நீங்கள், எந்த ஊர், எதற்காக வந்தீர்கள் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். இருநோக்கியை அவர் கையில் கொடுத்து ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். தினமும் பார்க்கும் கொக்கை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததும் முகம் மாறுவதைக் காண்பீர்கள். பிறகு அவரிடம் கேளுங்கள்: போன வருசத்தைவிட இந்த வருசம் எப்படி? எந்த மாதம் வருகிறது? கூடு எங்கே கட்டுகிறது? ஊரில் அந்தப் பறவைக்கு என்ன பெயர் சொல்கிறார்கள்? பதிலைத் தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.

மீன்பாசிக் குத்தகைக்காரரிடம் கூடுதல் பொறுமை வேண்டும். பணம் கட்டிக் குஞ்சு விட்டு வளர்க்கிற மீனை நீர்க்காகமும் கூழைக்கடாவும் தின்கின்றன என்பது அவருடைய வருத்தம். சில இடங்களில் வெடி போட்டு விரட்டுவார்கள். அதைக் கண்டு கத்துவதால் எதுவும் மாறாது, அடுத்த தடவை உங்களைக் கரைப் பக்கமே விட மாட்டார்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள், நடந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள், அணித்தலைவரிடம் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர்கள், வனத்துறையினர் மூலம் பேசுவதற்கு அதற்கென்று அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரம் என்று தெரிந்த விவசாயிகள் அதே கரையில் இருப்பார்கள். நீங்கள் வாதாடுவதைவிட அவர்கள் பேசினால் எடுபடும்.

எண்ணும் முறை

காலை ஆறரைக்குக் கரையில் இருங்கள். பத்து மணிக்கு மேல் கானல் எழும்பித் தூரத்துப் பறவைகள் நெளிந்து தெரியும், அதன்பின் எண்ணுவது ஊகம்தான். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி இடம் பிடியுங்கள்.

வந்தவுடன் எண்ணத் தொடங்காதீர்கள். ஐந்து நிமிடம் வெறும் கண்ணால் குளம் முழுவதையும் பாருங்கள். எங்கே கூட்டம், எங்கே வெறுமை, எந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று பிடிபடும். பிறகு குளத்தை மனத்துக்குள் பாகம் பிரியுங்கள்: இந்தப் பனையிலிருந்து அந்த மின்கம்பம் வரை ஒன்று, மின்கம்பத்திலிருந்து மடைவரை இரண்டு, இப்படி. ஒருவர் பார்த்து எண்ணிக்கையைச் சொல்ல, ஒருவர் எழுத, மூன்றாமவர் வானத்தைப் பார்க்க வேண்டும். புதிதாக எழும்பி வருவது, வெளியே போவது அவர் கணக்கு. எழுதுகிறவர் எண்ணைத் திரும்ப உரக்கச் சொல்லிவிட்டு எழுதட்டும். நூற்றுப்பத்தும் நூற்றிருபதும் காற்றில் ஒன்றுபோல் கேட்கும்.

சின்னக் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். பெரிய கூட்டம் என்றால் இடது ஓரத்தில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் ஏற்றிக்கொண்டு, அதே அளவை வலது பக்கம் நகர்த்திக்கொண்டே போங்கள். பத்துப் பத்தாகப் போனால் நூறு, பிறகு நூறு நூறாக. கூட்டம் ஒரே சீராக இருக்காது. நடுவில் நெருக்கம், ஓரத்தில் இடைவெளி. நெருக்கமான இடத்தில் உங்கள் பத்து சுருங்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் குறைத்தே எண்ணுவார்கள், முன்வரிசைப் பறவை பின்வரிசையை மறைப்பதால். அதனால் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, பிறகு ஒப்பிடுங்கள். கணக்கில் பெரிய இடைவெளி இருந்தால் இன்னொரு தடவை.

இதற்கு வீட்டிலேயே பழகலாம். தட்டில் ஒரு பிடி அரிசியைச் சிதறவிட்டு, சில நொடி பார்த்து எத்தனை என்று எழுதிவிட்டு, பிறகு எண்ணிப் பாருங்கள். ஒரு வாரம் செய்தாலே கண் பழகிவிடும்.

கலந்த கூட்டமானால் முதலில் மொத்தத்தை எண்ணுங்கள். அதன்பின் அங்கங்கே நூறு பறவையைப் பார்த்து, அதில் நீலச்சிறகி எத்தனை, ஊசிவால் எத்தனை என்று விகிதம் பாருங்கள். பெட்டை வாத்துகள் எல்லாம் பழுப்பாக ஒன்றுபோல் இருக்கும். தெரியவில்லை என்றால் ‘வகை தெரியாத வாத்து 40’ என்று எழுதுவதில் எந்தக் குறைவும் இல்லை. தெரியாததைத் தெரிந்த பெயரில் எழுதுவதுதான் கேடு. அந்தப் பிழை வருடக்கணக்கில் கணக்குக்குள் உட்கார்ந்திருக்கும்.

எண்ணிக்கொண்டிருக்கும்போது சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வரும். குளமே எழும்பும். அப்போது பதற வேண்டாம். எண்ணுவதை நிறுத்திவிட்டு, அவை சுற்றி வந்து உட்காரும்வரை கால் மணி நேரம் பொறுத்திருந்து முதலிலிருந்து தொடங்குங்கள். வேறு குளத்துக்குப் போய்விட்டால் எந்தத் திசையில், எத்தனை மணிக்கு, ஏறத்தாழ எத்தனை என்று குறியுங்கள். பக்கத்துக் குளத்து அணி அதே கூட்டத்தை எண்ணியிருந்தால் இரட்டைக் கணக்கை இதை வைத்துத்தான் நீக்க முடியும்.

தாளில் பறவை எண்ணிக்கையோடு குளத்தின் நிலையும் வேண்டும். தண்ணீர் முழுக்க, பாதி, வறண்டது. அமலைச்செடி (ஆகாயத்தாமரை) எவ்வளவு பரவியிருக்கிறது, குப்பை கொட்டியிருக்கிறதா, மண் அள்ளுகிறார்களா, நாய் எத்தனை, வலை கட்டியிருக்கிறதா. பறவை ஒன்றுகூட இல்லாத குளத்துக்கும் தாள் எழுத வேண்டும். ‘ஒன்றும் இல்லை, எழுதி என்ன?’ என்று விட்டுவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு அங்கே ஐந்நூறு பறவை வந்தால், இந்த ஆண்டு இல்லை என்பதை யாராவது எழுதி வைத்திருந்தால்தானே தெரியும்? அன்று மாலைக்குள் தாளைப் படமெடுத்து அணித்தலைவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, பறவைப் பதிவுக்கான ஈபேர்ட் இணையதளத்திலும் பதிந்துவிடுங்கள்.

கூடு இருக்கும் இடத்தில்

திருப்புடைமருதூருக்கும் கூந்தன்குளத்துக்கும் போகும்போது நடத்தை மாற வேண்டும். சரணாலயத்துக்குள் கண்காணிப்புக் கோபுரமும் பாதையும் தாண்டிப் போக வனத்துறை அனுமதி தேவை. கூட்டையோ முட்டையையோ தொடுவது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். சட்டத்தைவிட்டுத் தள்ளினாலும் காரணம் எளிமையானது. கூட்டில் இருக்கும் தாய் எழும்பினால், பங்குனி வெயிலில் குஞ்சுக்கு நிழல் போய்விடும். சிறகை விரித்துத் தாய் குடையாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நீங்கள் படம் எடுக்கும் பத்து நிமிடத்தில் காகம் முட்டையைக் கொத்திவிட்டுப் போய்விடும். ட்ரோன் கூடவே கூடாது. கூட்டுக்கு முன்னால் கிளையை ஒதுக்கிப் படமெடுப்பவரைக் கண்டால் பணிவாகத் தடுங்கள், கேட்காவிட்டால் வனக்காப்பாளரிடம் சொல்லுங்கள்.

கூந்தன்குளத்து ஊரார் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்பது பலருக்குத் தெரியும். கூட்டிலிருந்து விழும் குஞ்சை எடுத்துக் காப்பதும் அங்கே நெடுநாள் பழக்கம். அந்த ஊருக்குள் போகும்போது வண்டி ஹாரன் அடிக்காதீர்கள், வீட்டு முற்றத்து மரத்தில் கூடு இருந்தால் அந்த வீட்டாரைக் கேட்டுவிட்டுப் பாருங்கள். விடுமுறை நாட்களில் கூட்டம் அதிகம் வரும். வருகிறவர்களுக்குக் கோபுரத்தடியில் நின்று பறவையைக் காட்டிக் கொடுக்க, பிளாஸ்டிக்கை உள்ளே கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் பெரிய உதவி. வனச்சரக அலுவலகத்தில் பேசி முறைவைத்து இதைச் செய்யலாம். பள்ளிப் பிள்ளைகள் இதில் நன்றாகத் தேறுகிறார்கள்.

சில சிக்கலான நேரங்கள்

விழுந்த குஞ்சைக் கண்டால் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். நாய், காகம் அண்டாதபடி பார்த்துக்கொண்டு வனக்காப்பாளருக்கோ ஊராருக்கோ சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

வலையில் சிக்கிய பறவையானால் முதலில் ஒரு துணியால் தலையை மூடுங்கள், அமைதியாகிவிடும். கொக்கும் நாரையும் கண்ணைக் குறிவைத்துக் கொத்தும், அலகைப் பிடித்த பிறகே வலையை அறுங்கள். வலையைத்தான் அறுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. பாம்புத்தாராவானால் பழகினவர் வரும்வரை காத்திருங்கள். அதன் கழுத்து எதிர்பாராத வேகத்தில் நீளும்.

ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் தொடவே வேண்டாம். நோயாகவும் இருக்கலாம், நஞ்சாகவும் இருக்கலாம். தூரத்திலிருந்து படம் எடுத்து, இடத்தைக் குறித்து, வனத்துறைக்கும் கால்நடைப் பராமரிப்புத் துறைக்கும் உடனே தெரிவியுங்கள். இரண்டு அலுவலக எண்களையும் முன்கூட்டியே தொலைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

யாராவது பறவையை வேட்டையாடி விற்பதைக் கண்டால் நேரில் மோதாதீர்கள். இடம், நேரம், வண்டி எண் போதும்.

மரம் நடுவது பற்றி

தன்னார்வலர் என்றாலே மரம் நட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் குளத்தின் நீர்ப்பிடிப்புக்குள் கண்டபடி நட்டால் உள்ளானுக்கும் வாத்துக்கும் வேண்டிய திறந்த வெளி போய்விடும். நடுவதாக இருந்தால் கரையின் வெளிச்சரிவில், ஊராட்சியையும் நீர்வளத்துறையையும் கேட்டுவிட்டு, இந்த மண்ணுக்குரிய மரங்களை நடுங்கள். ஆற்றங்கரையில் நீர்மருது, இலுப்பை, புங்கு. இவற்றில்தான் பறவை பெரும் கூடு கட்டும், பழந்தின்னி வௌவாலும் தங்கும். குளத்துக்குள் பறவை தங்க மரம் வேண்டுமென்றால் நாட்டுக்கருவேல், அதுவும் வனத்துறை திட்டத்தின்படி.

சீமைக்கருவேலத்தை வெட்டும் பணிக்கு அழைத்தால் போவதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: அந்த மரங்களில் கூடு இருக்கிறதா? தண்ணீரை உறிஞ்சும், குளத்தை அடைக்கும், எல்லாம் சரி. ஆனால் நல்ல மரம் இல்லாத இடங்களில் நாரையும் நீர்க்காகமும் அதிலேயே கூடு கட்டிவிடுகின்றன. குஞ்சு பறந்துபோன பிறகு, மாற்று மரம் வளர வளர, பகுதி பகுதியாக நீக்குவதே முறை. கூடு உள்ள காலத்தில் எந்திரத்தை இறக்கக் கூடாது என்று சொல்ல நீங்கள் தயங்க வேண்டாம்.

ஜனவரி முடிந்த பிறகு

இரண்டு நாள் எண்ணிவிட்டுப் படம் போட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். வருடம் முழுக்க வருகிறவர்கள் சிலரே. நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ஒரே ஒரு குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கோ வேலைக்குப் போகும் வழிக்கோ பக்கத்தில் இருப்பது நல்லது. மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே நேரத்தில், ஒரு மணி நேரம். பன்னிரண்டு மாதத் தாள் சேர்ந்தால் அந்தக் குளத்தைப் பற்றி அலுவலகத்தில் பேச உங்களைவிடத் தகுதியான ஆள் கிடையாது. மண் கொட்டி மூட வந்தாலும், சாலை போட வந்தாலும், ‘இங்கே இன்ன பறவை இத்தனை இருந்தது’ என்று தேதியோடு எடுத்து வைக்கலாம். 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டி, தூத்துக்குடி மாவட்டத்தில் குளங்கள் பல உடைந்தன. அதற்குப்பின் பறவை எங்கே போனது, எப்போது திரும்பியது என்று சொல்ல இப்படிப்பட்ட தாள்களே துணை.

ஆற்றுப் பக்கம் வேலை வேண்டுமென்றால் பாபநாசத்தில் உண்டு. பரிகாரம் என்று ஆற்றில் விடும் துணிகள் படித்துறையிலும் பாறை இடுக்கிலும் சுற்றிக்கொண்டு கிடக்கும். தன்னார்வலர்கள் அவ்வப்போது கூடி மூட்டை மூட்டையாக எடுக்கிறார்கள். மேல்பகுதி ஆற்றில் நீர்நாய் இன்னும் இருக்கிறது, துணியும் நரம்பு (நைலான்) வலையும் அதற்கும் ஆபத்து.

கணக்கெடுப்பு முடிவு வெளியானதும் ஒரு வேலை பாக்கி இருக்கும். உங்கள் குளத்தின் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, பறவைப் படங்கள் நாலைந்தோடு, அந்த ஊர்ப் பள்ளிக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். மேலமடைப் பக்கம் போகச் சொன்ன அண்ணாச்சியைத் தேடிப் பார்த்து, அவர் சொன்ன கூட்டத்தில் எத்தனை இருந்தன, என்ன பறவை என்று அவரிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.